'பிரிட்டன் நின்ற நாள்' பார்த்தவர்கள் ஏன் அப்படிப் பதறினார்கள்?

கேள்வி இது: "2003-இல் பிபிசி ஒளிபரப்பிய 'த டே பிரிட்டன் ஸ்டாப்ட்' படத்தை இப்போதுதான் பார்த்தேன். முழுக்கக் கற்பனை. ஆனால் அப்போது பார்த்தவர்களில் சிலர் பயந்தார்கள், சிலர் கோபப்பட்டார்கள் என்கிறார்கள். நாடகம் என்று தெரிந்தும் ஏன் அப்படி? உண்மையில் போக்குவரத்து அப்படி மொத்தமாக நின்றுபோக முடியுமா?"

நான் அதை ஒளிபரப்பான அன்றைக்கே பார்த்தேன். 2003 மே 13, செவ்வாய்க்கிழமை இரவு, பிபிசி 2. அப்போது நாங்கள் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஹவுன்ஸ்லோவில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு ரயில் சிக்னல் பராமரிப்பில் வேலை. அந்தப் படத்தில் ஹவுன்ஸ்லோவுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் இந்தக் கேள்விக்கு விலகி நின்று பதில் சொல்ல என்னால் முடியாது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2003 டிசம்பர் 19, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. எடின்பரோவில் நடந்த ஒரு ரயில் விபத்தைத் தொடர்ந்து, பாதுகாப்பை முன்வைத்து ரயில் ஊழியர்கள் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். ஊருக்குப் போக வேண்டியவர்கள் காரை எடுக்கிறார்கள். லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலை விபத்துகளால் அடைபடுகிறது. நெரிசல் மற்ற சாலைகளுக்குப் பரவி, விமான நிலையம் வரை வந்து முட்டுகிறது. கடைசியில் ஹீத்ரோ பக்கத்தில் இரண்டு விமானங்கள் வானத்தில் மோதி ஹவுன்ஸ்லோ மேல் விழுகின்றன. இயக்கியவர் கேப்ரியல் ரேஞ்ச். எல்லாம் நடந்து முடிந்த பிறகு, பிழைத்தவர்களையும் பொறுப்பில் இருந்தவர்களையும் உட்காரவைத்துப் பேட்டி எடுத்த ஆவணப்படம் போலவே முழுப் படமும் போகும். ஏழு மாதம் கழித்து வரப்போகும் ஒரு நாளைப் பற்றி எல்லாரும் இறந்தகாலத்தில் பேசுவார்கள்.

பாதிப் படத்தில் சமையலறையிலிருந்து என் மனைவி வந்தார். "ஏங்க, இது எப்ப நடந்துச்சு? நமக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்றார். நாடகம் என்று சொன்னேன். சரி என்று உட்கார்ந்தார். விமானங்கள் விழும் இடம் வந்ததும் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தார். ஹீத்ரோவுக்கு இறங்கும் விமானங்கள் அந்தப் பகுதியில் கூரைகளுக்குச் சற்று மேலே, ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் போகும். சக்கரம் வெளியே வந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். குடிபோன சில வாரங்களிலேயே அந்தச் சத்தம் எங்கள் காதில் விழுவது நின்றுவிட்டிருந்தது. அன்று இரவு மறுபடி விழுந்தது. நாடகம் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அவர் ஜன்னலைத் திறந்தார் என்பதைக் கவனியுங்கள். ஏமாந்ததால் வந்த பயம் இல்லை அது.

ஏமாறவும் வழி இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். படத்தில் நிஜச் செய்தி வாசிப்பாளர்களே செய்தி வாசிக்கிறார்கள். தினமும் வீட்டுக்குள் வரும் முகமும் குரலும் ஒரு பொய்யைச் சொன்னால் மனம் தயங்காமல் நம்பும். பிபிசிக்கு இது புதிதும் இல்லை. 1992 அக்டோபர் 31 அன்று 'கோஸ்ட்வாட்ச்' என்ற பேய் நாடகத்தை, தெரிந்த தொகுப்பாளர் மைக்கேல் பார்க்கின்சனை வைத்தே நேரலை போல ஒளிபரப்பி, பெரும் எதிர்ப்பைச் சந்தித்தார்கள். பிறகு அதை மறுஒளிபரப்பு செய்யவே இல்லை. 2010 மார்ச்சில் ஜார்ஜியாவின் இமெடி தொலைக்காட்சி, ரஷ்யா படையெடுத்துவிட்டது என்று ஒரு கற்பனைச் செய்தியறிக்கை போட்டபோது நிலைமை இன்னும் மோசமானது. மக்கள் நிஜமாகவே கலங்கிப்போனார்கள். அங்கே ஒன்றரை வருடம் முன்னால்தான், 2008 ஆகஸ்டில், உண்மையான போர் நடந்திருந்தது.

பார்ப்பவர் எவ்வளவு பதறுகிறார் என்பது பெரும்பாலும் அவர் ஏற்கெனவே என்ன பட்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. 2003 மே மாதத்தில் பிரிட்டனில் ரயிலிலும் காரிலும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நிறையப் பட்டிருந்தார்கள்.

ஹாட்ஃபீல்டிலிருந்து தொடங்குகிறேன். 2000 அக்டோபர் 17, லண்டனிலிருந்து லீட்ஸ் போன ரயில் ஹாட்ஃபீல்டு அருகே தடம்புரண்டு 4 பேர் இறந்தார்கள். தண்டவாளத்தின் மூலையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓடிய விரிசல்கள்தான் காரணம். ரயில் ஏறியதும் அந்தத் தண்டவாளம் 300-க்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது. அதற்குப் பிறகு நடந்ததுதான் நாடு முழுவதும் நினைவில் நின்றது. வேறு எங்கெல்லாம் இதே விரிசல் இருக்கிறது என்று கட்டமைப்பை வைத்திருந்த ரயில்ட்ராக் நிறுவனத்துக்கே சரியாகத் தெரியவில்லை. 1,200-க்கும் மேற்பட்ட இடங்களில் வேகக்கட்டுப்பாடு போட்டார்கள். மாதக்கணக்கில் கால அட்டவணை என்ற ஒன்றே இல்லாமல் போனது. நான் அந்த மாதங்களில் வேலை பார்த்தவன். நடைமேடையில் நிற்பவர்களுக்கு அடுத்த வண்டி எப்போது என்று சொல்ல எங்களிடம் பதில் இருக்காது. ஒரு வருடத்துக்குள், 2001 அக்டோபரில், ரயில்ட்ராக் திவால் நிர்வாகத்துக்குப் போனது.

ஹாட்ஃபீல்டுக்கு முந்தைய வருடம், 1999-இல்தான், லண்டன் லாட்புரோக் குரோவில் ரயில்கள் மோதி 31 பேர் இறந்திருந்தார்கள். 2002 மே 10 அன்று பாட்டர்ஸ் பாரில் ரயில் தடம்புரண்டு 7 பேர். 2000 செப்டம்பரில் எரிபொருள் கிடங்குகளை மறித்த போராட்டத்தால் சில நாட்களிலேயே பெட்ரோல் பங்குகள் காலியாகின. 2003 பிறந்தபின் ஜனவரி 25 அன்று சான்சரி லேன் நிலையத்தில் சென்ட்ரல் லைன் சுரங்க ரயில் ஒன்றிலிருந்து மோட்டார் கழன்று விழுந்து வண்டி தடம்புரண்டது. அந்த வழித்தடம் முழுக்க மூடப்பட்டு, முழுச் சேவை திரும்ப ஏப்ரல் ஆனது. அதே வாரம், ஜனவரி 30 மாலை, சில சென்டிமீட்டர் பனிதான் பெய்தது. எம்11 நெடுஞ்சாலை உறைந்து, கார்களில் இருந்தவர்கள் இரவு முழுக்க அங்கேயே கிடந்தார்கள். சிலர் 20 மணி நேரம் வரை. பனியைக் கரைக்க உப்புத் தூவ வேண்டிய லாரிகளும் அதே நெரிசலில் மாட்டிக்கொண்டன.

இதெல்லாம் நடந்து மூன்றரை மாதத்தில் வந்த படம் அது. குளிரில் காருக்குள் மாட்டிக்கொண்ட குடும்பத்தைத் திரையில் பார்த்தவருக்கு அது கற்பனைக் காட்சியாக எப்படித் தெரியும்? என்னுடன் வேலை பார்த்த ஒருவர் எம்11-இல் அந்த இரவைக் கழித்தவர். பின் இருக்கையில் இரண்டு வயதுப் பிள்ளை. படம் வந்த மறுநாள் மதிய உணவு நேரத்தில் எல்லாரும் விமானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர் மட்டும், "பால் புட்டியைச் சூடாக்க வழியில்லாமல் என் கம்பளிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் கேட்ட எதிர்வினைகளில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான்.

கோபப்பட்டவர்களுக்கும் காரணம் இருந்தது. எனக்குத் தெரிந்த ரயில் ஓட்டுநர் ஒருவருக்கு, சங்கிலியின் முதல் கண்ணியாக வேலைநிறுத்தத்தை வைத்தது தாங்கவில்லை. "பாதுகாப்புக் கேட்டு ஒரு நாள் வண்டியை நிறுத்தினால், அத்தனை சாவுக்கும் நாங்கள் பொறுப்பா?" என்று கேட்டார். படம் அப்படிச் சொல்லவில்லை. வேலைநிறுத்தத்துக்கு முன்னால் விபத்து இருக்கிறது, விபத்துக்கு முன்னால் பல வருட அலட்சியம் இருக்கிறது என்று காட்டத்தான் செய்கிறது. ஆனால் கதையின் காலை வேலைநிறுத்தத்தோடு விடிவதால், பார்ப்பவர் மனதில் அதுதான் பதியும். அவர் கோபம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

விமான நிலையத்தில் வேலை பார்த்த இன்னொரு நண்பரின் கோபம் வேறு மாதிரி. இரண்டு விமானங்கள் நெருங்கினால் விமானிகளை எச்சரித்து, ஒன்றை ஏறச் சொல்லி மற்றதை இறங்கச் சொல்லும் டீகாஸ் கருவி இருக்கிறது, தரையில் ரேடார் எச்சரிக்கை இருக்கிறது, இத்தனையையும் தாண்டி எப்படி மோதும், மக்களை வீணாகப் பயமுறுத்துகிறார்கள் என்றார். துறையை அறிந்தவர்கள் இப்படிப் பேசுவது இயல்பு. ஒவ்வொரு தடுப்பையும் தனித்தனியாகத் தெரிந்தவருக்கு, எல்லாம் ஒரே இரவில் தோற்கும் என்று கற்பனை செய்யவே கடினம்.

ஆனால் அப்படி ஓர் இரவு பத்து மாதத்துக்கு முன்புதான் வந்துபோயிருந்தது. 2002 ஜூலை 1, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே ஒரு ரஷ்யப் பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். அந்த வானப்பகுதியைக் கவனித்த சுவிட்சர்லாந்தின் சூரிச் கட்டுப்பாட்டு அறையில் இரவுப்பணிக்கு இருந்த இருவரில் ஒருவர் ஓய்வுக்குப் போயிருந்தார். மற்றவர் ஒரே நேரத்தில் இரண்டு திரைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். பராமரிப்புக்காக ரேடார் எச்சரிக்கை முழுமையாக இயங்கவில்லை, முக்கியத் தொலைபேசி இணைப்பும் இல்லை. ஆபத்தைப் பார்த்துவிட்ட பக்கத்து ஜெர்மன் கட்டுப்பாட்டு மையம் எவ்வளவு முயன்றும் தொடர்புகொள்ள முடியவில்லை. டீகாஸ் வேலை செய்தது. ரஷ்ய விமானத்தை ஏறச் சொன்னது. கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். விமானி மனிதக் குரலுக்குக் கட்டுப்பட்டு இறங்கினார். மற்ற விமானமும் டீகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது.

நண்பரிடம் இதைச் சொன்னேன். "அது சூரிச்" என்றார். அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை. ஆனால் இங்கிலாந்தின் புதிய ஸ்வான்விக் கட்டுப்பாட்டு மையமும் அப்போது நிம்மதி தரும் நிலையில் இல்லை. 1996-இல் திறந்திருக்க வேண்டியது 2002 ஜனவரியில்தான் திறந்தது, அந்த ஒரே வருடத்தில் பலமுறை கணினிக் கோளாறு.

சரி, அப்படி மொத்தமாக நின்றுபோக முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே கவுண்டர் உள்ள சுங்கச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டிகள் ஒழுங்கில்லாமல் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் கூடக்குறைய இருக்கிறது. கவுண்டர் தன் திறனில் பாதி அளவு வேலை செய்தால், அங்கே சராசரியாக ஒரு வண்டி இருக்கும். 80 சதவீதத்தில் 4 வண்டி. 90-இல் 9. 95-இல் 19. பாதியிலிருந்து 80 வரை ஏறும்போது யாருக்கும் வித்தியாசம் தெரியாது. 90-க்கு மேல் ஒவ்வொரு சதவீதமும் வரிசையை இழுத்து நீட்டும். அந்த நேரத்தில் ஒரு வண்டி மக்கர் செய்து ஐந்து நிமிடம் நின்றால், வரிசை கரைய மணிக்கணக்காகும். ஹீத்ரோவில் இரண்டே ஓடுபாதைகள், வருடத்துக்கு 4,80,000 ஏற்ற இறக்கங்கள் என்ற உச்சவரம்பு. இயங்குவது ஏறக்குறைய அந்த வரம்பை ஒட்டியே. 188 கிலோமீட்டர் நீளமுள்ள எம்25-இன் மேற்குப் பகுதியில் நாளுக்கு 2 லட்சத்துக்கும் மேல் வண்டிகள். இடம் காலியாகக் கிடந்தால் வீண்செலவு என்று கணக்குப் பார்த்துப் பார்த்து, மூச்சுவிடும் இடைவெளியை எல்லாம் நாம் விற்றுவிட்டோம். படத்தின் முதல் பாதி சொல்வது இதைத்தான், அதில் நான் ஒரு பிழையும் காணவில்லை.

இரண்டாம் பாதியோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. சிக்னல்காரன் என்பதால் இதில் அழுத்தமாகவே பேசுவேன். எங்கள் துறையில் முதலில் கற்றுத்தருவது, எது கெட்டாலும் விளக்கு சிவப்பாக வேண்டும் என்பது. கம்பி அறுந்தால் சிவப்பு, மின்சாரம் போனால் வண்டி நிற்கும், தண்டவாளத்தில் வண்டி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். விமானப் போக்குவரத்திலும் அப்படித்தான். கட்டுப்பாட்டு மையம் தடுமாறினால் தரையில் இருப்பதை ஏறவிட மாட்டார்கள். அதனால் இவை சீர்குலையும்போது பெரும்பாலும் மோதுவதில்லை, நின்றுபோகின்றன. ஊபர்லிங்கன் போன்ற இரவுகள் அரிது. நெரிசலிலிருந்து நேராக விமான மோதலுக்குப் போனதில் படம் கொஞ்சம் அவசரப்பட்டது.

ஆனால் அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றி எங்கள் துறையில் யாரும் பேசாத ஒன்றையும் அதே படம் எனக்குச் சொன்னது. நான் ஒரு வண்டியை நிறுத்தினால், அதில் இருந்த 600 பேரும் காணாமல் போய்விடுவதில்லை. அவர்கள் சாலைக்குப் போகிறார்கள். "இன்றைக்கு இடமில்லை, திரும்பிப் போங்கள்" என்று சொல்ல சாலையில் யாரும் இல்லை. ஹாட்ஃபீல்டுக்குப் பிறகு நாங்கள் போட்ட வேகக்கட்டுப்பாடு ஒவ்வொன்றும் ரயிலுக்குப் பாதுகாப்பு. ஆனால் ரயிலை விட்டுக் காருக்குப் போனவர் எத்தனை பேர் என்று எங்கள் பதிவேட்டில் எழுத இடமே இருந்ததில்லை. ரயிலுக்கு ஓர் அலுவலகம், சாலைக்கு ஓர் அலுவலகம், வானத்துக்கு ஓர் அலுவலகம். ஒவ்வொருவரும் தன் பக்கத்தைப் பத்திரமாக மூடிவிட்டு, மிச்சத்தைப் பக்கத்து வாசலில் இறக்கிவைக்கிறோம். படத்தின் பேட்டிகளில் பொறுப்பாளர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்வதைக் கேட்டபோது, அதில் என் குரலும் இருந்ததாகவே எனக்குப் பட்டது.

பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். படம் வந்து மூன்றரை மாதத்தில், ஆகஸ்ட் 28 மாலை நெரிசல் நேரத்தில், தெற்கு லண்டனில் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக மின்சாரம் போனது. சுரங்க ரயிலில் பெரும்பகுதியும் தெற்கு நோக்கிப் போகும் ரயில்களும் நின்றன. மின்னோட்டம் மிகுந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 5 ஆம்பியர் பாதுகாப்பு ரிலே இருக்க வேண்டிய இடத்தில் 1 ஆம்பியர் ரிலே பொருத்தப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அன்று ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். டிசம்பர் 19 வந்தது, அன்று ஒன்றும் ஆகவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது என் மனைவி வாசல்வரை வந்து, "பாத்துப் போங்க" என்றார். ஏன் என்று இருவருக்கும் தெரியும்.

2023 ஆகஸ்ட் 28, விடுமுறைத் திங்கட்கிழமை. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பாரிஸ் போகும் விமானம் ஒன்றின் பயணத் திட்டத்தில் ஒரே சுருக்கக் குறியீட்டில் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று பிரான்ஸின் டோவில், மற்றது அமெரிக்காவின் டெவில்ஸ் லேக். பிரிட்டனின் விமானக் கட்டுப்பாட்டுக் கணினிக்கு அது புரியாமல், தப்பான தகவலைக் கட்டுப்பாட்டாளருக்குத் தருவதைவிட நிற்பதே மேல் என்று தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்றுக் கணினியும் அதே திட்டத்தைப் படித்து, சில நொடிகளில் அதே மாதிரி நின்றது. கையால் மணிக்கு 60 திட்டங்கள்தான் பார்க்க முடிந்தது. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். 2025 மார்ச் 20 இரவு நார்த் ஹைட் துணைமின்நிலையத்தில் தீப்பிடித்து, மறுநாள் பெரும்பகுதி ஹீத்ரோ மூடிக்கிடந்தது. 1,300-க்கும் மேற்பட்ட விமானங்கள் பாதிப்பு. மின்மாற்றிப் பாகம் ஒன்றில் ஈரம் ஏறியிருப்பது 2018-லேயே பரிசோதனையில் தெரிந்திருந்தது என்று பின்னர் விசாரணை சொன்னது. 2003 மின்தடையையும் சேர்த்து இந்த மூன்றிலும் எந்த விமானமும் மோதவில்லை, எந்த ரயிலும் கவிழவில்லை. எல்லாம் எங்களுக்குக் கற்றுத்தந்தபடியே நின்றன. நின்ற பிறகு அந்த மக்கள் எங்கே போவார்கள் என்ற இடத்தில் மட்டும் 2003-இல் இருந்த அதே வெற்றிடம்.

பழி யாருக்கு என்று பார்த்தவர்கள் சண்டை போட்டதைப் பற்றி ஒரு வார்த்தை. படத்தில் மோதலின் பாரம் கடைசியில் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் தலையில் வந்து இறங்குகிறது. பார்த்த பலருக்கும் அவர்மேல்தான் கோபம் வந்தது, எனக்கும் ஒரு கணம் வந்தது. ஊபர்லிங்கன் இரவில் பணியிலிருந்த கட்டுப்பாட்டாளரை, 2004 பிப்ரவரியில், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அந்த விபத்தில் இழந்த ஒருவர் அவர் வீட்டு வாசலுக்கே போய்க் குத்திக் கொன்றார். 2007-இல்தான் சுவிஸ் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டாளர் வேலை பார்த்த நிறுவனத்தின் மேலாளர்கள் நால்வரைக் குற்றவாளிகள் என்றது. ஒருவரை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு ஒற்றை ஆளை இரண்டு திரைகளுக்கு நடுவே விடும் வழக்கம் யாருடைய அனுமதியில் நடந்தது என்று கேட்க ஐந்து வருடம் ஆகியிருந்தது.

நீங்கள் அந்தப் படத்தை மறுபடி பார்ப்பதாக இருந்தால், மோதல் காட்சியைத் தள்ளிவிட்டுச் சாலைக் காட்சிகளைப் பாருங்கள். எம்11-இல் பால் புட்டியைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டிருந்தவர், படம் வந்த வாரமே தன் காரின் டிக்கியில் இரண்டு போர்வை, ஒரு ஃபிளாஸ்க், ஒரு பிஸ்கட் டின் வாங்கி வைத்தார். ஓய்வு பெறும்வரை அவர் அதை எடுக்கவே இல்லை.